ஜன்னலில் ராணி, பீடத்தில் ஆண்கள்

எட்டாம் ஹென்றி தன் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் லண்டன் வைட்ஹால் அரண்மனையின் முற்றம் ஒன்றில் பிரசங்க பீடம் கட்டுவித்தார். பாதிரியார் முற்றத்தின் நடுவே நின்று பேசுவார். சுற்றிலும் கூட்டம் நிற்கும். மன்னர் மாடி ஜன்னலிலிருந்து கேட்பார். 1549 தவக்காலத்தில் பதினொரு வயது ஆறாம் எட்வர்டு மேலே இருக்க, ஹியூ லாட்டிமர் கீழே பேசினார். ஜான் ஃபாக்ஸ் 1563இல் வெளியிட்ட தியாகிகள் வரலாற்றில் இந்தக் காட்சியின் மரச்செதுக்குப் படம் உண்டு. அதில் பீடத்தின் படியருகே ஒரு பெண் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பெயர் கிடையாது. அரசவைப் பிரசங்கங்களைப் பற்றி எதை வாசித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மன்னரோ பாதிரியாரோ அல்ல, இந்தப் பெண்தான்.

பிரசங்கம் என்றால் பக்தி விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். செய்தித்தாள் இல்லாத அந்த நாட்டில் அரசு மக்களிடம் பேசிய வாய் அதுதான். அந்த 1549 தவக்காலத்தில்தான் மன்னரின் மாமன் தாமஸ் சீமோருக்குத் தலை வெட்டப்பட்டது. அந்தத் தண்டனை நியாயமானதே என்று வாதாட லாட்டிமர் அதே பீடத்தைப் பயன்படுத்தினார். 1569இல் வடக்கே கலகம் வெடித்து அடக்கப்பட்டதும், கீழ்ப்படியாமைக்கு எதிரான நீண்ட போதனை ஒன்று எழுதப்பட்டு, ஊர்க்கோயில்களில் வாசிக்க அனுப்பப்பட்டது. ஆனால் அந்த வாய் எப்போதும் எஜமான் சொன்னதை மட்டும் பேசியதில்லை. வேதத்தைக் கையில் பிடித்தவருக்கு, ஒரு மணி நேரமாவது மன்னரைவிடப் பெரிய எஜமான் ஒருவர் இருந்தார். அந்த இடைவெளியில்தான் அரசியல் நடந்தது.

அந்த ஜன்னலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தபோது என்ன ஆயிற்று என்பதே என் கேள்வி.

1558 டிசம்பர் 14. முதலாம் மேரியின் இறுதிச் சடங்கில் வின்செஸ்டர் ஆயர் ஜான் ஒயிட் பிரசங்கித்தார். மேரி அரசி மட்டுமல்ல, அதே உரிமையால் அரசனும்கூட என்று சொல்லிப் புகழ்ந்தார். அத்தோடு நிற்காமல், செத்த சிங்கத்தைவிட உயிருள்ள நாய் மேல் என்ற வேத வாசகத்தையும் எடுத்தார். சிங்கம் யார், நாய் யார் என்று எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதிய அரசி எலிசபெத் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்.

அதே ஆண்டில்தான், பெண்கள் ஆள்வது இயற்கைக்கே விரோதம் என்று ஜான் நாக்ஸ் ஜெனீவாவில் நூல் அச்சிட்டிருந்தார். அவர் குறி வைத்தது கத்தோலிக்க அரசிகளை. வெளிவந்த சில மாதங்களில் சிம்மாசனம் ஏறியவரோ புராட்டஸ்டண்ட் பெண். சங்கடத்தைத் தீர்க்க 1559இல் ஜான் அய்ல்மர் மறுப்பு எழுதினார். எலிசபெத்துக்கு ஆதரவான நூல் என்பார்கள். அதன் வாதத்தைப் பாருங்கள்: இங்கிலாந்தில் சட்டமும் நாடாளுமன்றமும் சேர்ந்தே ஆள்கின்றன, ஆகவே பெண் ஆண்டாலும் அவ்வளவு ஆபத்தில்லை! எதிரியின் வசையைவிட இந்த ஆதரவு எனக்கு அதிகம் உறுத்துகிறது. அதே ஆண்டின் சட்டம், தந்தை வைத்திருந்த திருச்சபையின் ‘தலைவர்’ என்ற பட்டத்தை மகளுக்குத் தரவில்லை. ‘உயர் ஆளுநர்’ என்று மாற்றியது. பெண்ணைத் தலையாக ஏற்க முடியாதவர்களைச் சமாதானப்படுத்துவதும் அதற்கு ஒரு காரணம். இப்படி அந்தத் திருச்சபையை ஒரு பெண் ஆண்டார். ஆனால் அதன் பீடத்தில் எந்தப் பெண்ணும் ஏற முடியாது, அவர் உட்பட.

ஏற முடியாதவர் என்ன செய்தார்? குறுக்கிட்டார். 1565 சாம்பல் புதனன்று புனித பவுல் பேராலயத்தின் டீன் அலெக்சாண்டர் நோவெல் உருவ வழிபாட்டைத் தாக்கிப் பேசத் தொடங்கினார். எலிசபெத்தின் சிற்றாலயத்தில் சிலுவை இருந்தது ஊரறிந்த விஷயம். அதை விடும் என்று அரசி குரல் கொடுத்தார். நோவெல் காதில் விழவில்லை போலும், தொடர்ந்தார். அரசி குரலை உயர்த்தி, இது உம் பொருளுக்குச் சம்பந்தமில்லாதது, பேசிப் பேசி நைந்துபோன சங்கதி என்றார். நோவெல் தடுமாறி முடித்தார். பேராயர் பார்க்கர் பரிதாபப்பட்டு அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்.

1570 பிப்ரவரி 25 அன்று எட்வர்டு டெரிங் பேசியது வேறு மாதிரி. படிப்பறிவற்ற பாதிரிமார்கள், விற்கப்படும் பதவிகள் என்று அடுக்கிவிட்டு, இத்தனையும் நடக்க நீர் சும்மா உட்கார்ந்திருக்கிறீர் என்று அரசியின் முகத்துக்கு நேரே சொன்னார். அக்காள் ஆட்சியில் வெட்டுக்குப் போகும் ஆடுபோல இருந்த நீர், இன்று நுகத்துக்குப் பழகாத கிடாரி ஆகிவிடக் கூடாது என்றார். குற்றச்சாட்டு நியாயமானதுதான். துணிச்சலும் உண்மையானது. ஆனாலும் அந்தக் கிடாரியிடம் நான் நின்றுவிடுகிறேன். ஆடு, கிடாரி இரண்டில் ஒன்றையும் அவர் சும்மா எடுக்கவில்லை; இரண்டுமே வேதத்திலிருந்து வந்தவை. வேதத்தில் மனிதர்களுக்கு உவமை ஆவதற்கு எத்தனையோ உயிர்கள் இருக்க, ஆளும் பெண்ணுக்கு அவர் தேடியெடுத்தது கழுத்தில் நுகம் ஏற வேண்டிய ஒன்றை. அரசி கோபம் கொண்டார். பிரசங்கமோ அச்சேறி, அவர் ஆட்சியிலேயே பல பதிப்புகள் கண்டது.

1596 தவக்காலத்தில் செயின்ட் டேவிட்ஸ் ஆயர் அந்தோணி ரட், நாட்களை எண்ணக் கற்றுத்தரும்படி கேட்கும் சங்கீதத்தை எடுத்துக்கொண்டார். மூன்று, ஏழு என்று எண்களின் மர்மங்களைச் சொல்லி, ஏழொன்பது அறுபத்துமூன்றில் வந்து நின்றார். அரசிக்கு அப்போது நடந்தது 63ஆம் வயது. அரசி ஜன்னலைத் திறந்து, உம் கணக்கை உம்மோடு வைத்துக்கொள்ளும் என்றாராம். சொல்பவர் அரசியின் ஞானமகன் ஹாரிங்டன். அவர் நல்ல கதைசொல்லி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெண்களின் ஆடம்பர உடையைக் கண்டித்த அய்ல்மர் – முன்பு நூல் எழுதிய அதே அய்ல்மர், இப்போது லண்டன் ஆயர் – பற்றியும் அவர் எழுதுகிறார். இந்தப் பேச்சு தொடர்ந்தால் ஆயரைச் சொர்க்கத்துக்கு அனுப்பிவைப்பேன், ஆனால் கைத்தடியும் மேலங்கியும் இல்லாமல்தான் போவார் என்று அரசி தன் பெண்களிடம் சொன்னாராம்.

இந்த இடங்களில் வாசிக்கும் நமக்குக் கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அரசி மூடிய வாய்கள் தனக்கு எதிரானவை மட்டுமே. 1563இல் அவருடைய அதிகாரத்தின் கீழ் வந்த இரண்டாம் போதனை நூலில் திருமணம் பற்றிய போதனை ஒன்று உண்டு. மனைவி பலவீனமான பாண்டம், கணவனுக்கு அடங்க வேண்டியவள் என்று அது சொல்கிறது. எந்த ஆணுக்கும் மனைவியாகாத ஒரு பெண்ணின் ஆட்சியில், ஊர் ஊராக மற்றப் பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பீடத்துக்கு வெளியே வழி தேடியவர்களும் இருந்தார்கள். ஆன் லாக் என்ற லண்டன் வணிகரின் மனைவி, நாக்ஸின் நெருங்கிய தோழி, 1557இல் இரண்டு குழந்தைகளோடு ஜெனீவா போனார். போன சில நாட்களிலேயே கைக்குழந்தை இறந்துவிட்டது. 1560இல் கால்வினின் பிரசங்கங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நூலின் இறுதியில் ஒரு சானட் தொடரும் இருந்தது. ஆங்கிலத்தின் முதல் சானட் தொடர் அதுதான், எழுதியவர் அவரே என்று இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பிரசங்கம் செய்ய முடியாது, ஆனால் பிரசங்கத்தை மொழிபெயர்க்கலாம். ஆன் குக் பேக்கனும் அதைத்தான் செய்தார், இத்தாலியரான ஓக்கினோவின் பிரசங்கங்களை எடுத்துக்கொண்டு. விதவையான பிறகு ஆன் லாக் மணந்தது யாரைத் தெரியுமா? கிடாரிப் பிரசங்கம் செய்த அதே எட்வர்டு டெரிங்கை. அந்த வீட்டில் அந்த உவமை பேசப்பட்டிருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கொலைமேடையையும் பிரசங்கம் விட்டுவைக்கவில்லை. 1587 பிப்ரவரி 8 அன்று ஃபாதரிங்கே கோட்டையில் ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலையை வெட்டும் முன், பீட்டர்பரோ டீன் ரிச்சர்டு ஃபிளெட்சர் அவருக்குப் போதிக்க முயன்றார். மேரி மறுத்தார். டீன் உரக்க ஜெபிக்கத் தொடங்க, மேரி லத்தீனில் தன் ஜெபத்தை அவருக்கு மேலே உயர்த்திச் சொன்னார். இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

1603க்குப் பிறகு ஜன்னலில் மறுபடியும் ஆண். முதலாம் ஜேம்ஸுக்குப் பிரசங்கம் கேட்பதில் தீராத ஆசை. 1605 வெடிமருந்துச் சதியிலிருந்து தப்பியதை நினைத்து ஒவ்வொரு நவம்பர் 5ஆம் தேதியும் பிரசங்கம் நடந்தது. லான்சலாட் ஆண்ட்ரூஸ் மட்டும் அந்த நாளுக்குப் பத்துப் பிரசங்கங்கள் எழுதினார். மன்னரைத் தொட்டவன் கடவுளைத் தொட்டான் என்ற இறையியலை அழகான ஆங்கிலத்தில் அவர் நெய்தார். 1622இல், ஸ்பெயின் இளவரசியை மகனுக்கு மணம் முடிக்கும் பேச்சை மேடைகள் திட்டத் தொடங்கியதும், யார் எதைப் பேசலாம் என்று மன்னர் கட்டளை போட்டார். அதை நியாயப்படுத்திப் பேச அனுப்பப்பட்டவர் கவிஞர் ஜான் டன்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1620 ஜனவரியில், லண்டன் ஆயர் நகரத்துப் பாதிரிமார்களை அழைத்து மன்னரின் ஆணையைச் சொன்னார். அகன்ற விளிம்புத் தொப்பி அணிகிறார்கள், ஆண்களைப்போல் கூர்முனைச் சட்டை போடுகிறார்கள், முடியைக் குட்டையாக வெட்டுகிறார்கள், சிலர் குத்துவாள்கூட வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்களைப் பீடத்திலிருந்து கடுமையாகக் கண்டிக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் லண்டன் பீடங்கள் வேறெதையும் பேசவில்லை என்னும் அளவுக்கு இதையே பேசின என்று ஜான் சேம்பர்லின் தன் கடிதங்களில் எழுதுகிறார். நாடகக்காரர்களும் தெருப்பாட்டுக்காரர்களும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்தப் பெண்களின் கணவன்மார், பெற்றோர், உறவினர் மேல் பாய்ந்து அவர்களைப் பணம் கட்ட வைப்பேன் என்று மன்னர் மிரட்டினாராம்.