போலீஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்

2001 ஏப்ரல் 7, பின்னிரவு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரம். ஓவர்-தி-ரைன் பகுதியில் ஒரு சந்துக்குள் ஓடிய டிமோதி தாமஸ் என்ற 19 வயது கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். தாமஸ் மீது 14 பிடியாணைகள் இருந்தன. பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, சீட் பெல்ட் போடாதது போன்ற போக்குவரத்துக் குற்றங்கள். அவர் கையில் ஆயுதம் இல்லை. 1995 முதல் அந்நகரப் போலீஸாரால் உயிரிழந்த பதினைந்தாவது கறுப்பின ஆண் அவர்.

கலவரம் வெடித்தது; கடைகள் எரிந்தன. மேயர் சார்லி லூக்கன் ஊரடங்கு அறிவித்தார். செப்டம்பரில் நீதிமன்றம் அந்தப் போலீஸ்காரரை விடுவித்தது.

ஆனால் கலவரத்துக்கு முந்தைய மாதமே வேறொரு வழக்கு தாக்கலாகியிருந்தது. போலீஸார் நிறம் பார்த்து நடத்துகிறார்கள் என்று கறுப்பின அமைப்பான ‘பிளாக் யுனைட்டட் ஃபிரன்ட்’டும், அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கத்தின் ஒஹாயோ கிளையும் தொடுத்த வழக்கு அது. கூட்டாட்சி நீதிபதி சூசன் டிலாட் அதை வாதாடி முடிக்காமல் பேசித் தீர்க்க வழிசெய்தார். மத்தியஸ்தர் ஜே ராத்மன் நகர மக்களை எட்டுப் பிரிவாக்கினார். போலீஸாரும் அவர்களின் குடும்பத்தாரும் அதில் ஒரு பிரிவு. கறுப்பினத்தவர், இளைஞர்கள், மதத் தலைவர்கள் என மற்றவை. காவல்துறையும் மக்களும் எப்படிப் பழக வேண்டும், ஏன் என்ற கேள்விகளுக்கு ஏறத்தாழ 3,500 பேர் பதில் எழுதினார்கள்.

2002 ஏப்ரலில் ஒப்பந்தம் உருவானது. நகர நிர்வாகம், வழக்குத் தொடுத்தவர்கள் ஆகியோருடன் போலீஸ் தொழிற்சங்கமும் கையெழுத்திட்டது. புகார்களை விசாரிக்கக் காவல்துறைக்கு வெளியே ஓர் ஆணையம் அமைந்தது. ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்தால், ஆளைப் பிடித்துப்போவதோடு நிற்காமல் காரணத்தைக் கண்டறிந்து குடியிருப்பவர்களோடு சேர்ந்து சரிசெய்ய வேண்டும் என்பது காவல் பணியின் அடிப்படையானது.

எல்லாம் இணக்கமாக நடந்துவிடவில்லை. ஒப்பந்தம் நிறைவேறுவதைக் கண்காணித்த சால் கிரீனின் குழுவோடு காவல்துறை உரசியது; நீதிபதி மீண்டும் தலையிட வேண்டிவந்தது. நீதிமன்றக் கண்காணிப்பு 2008இல் முடிவதற்குள் பலப்பிரயோகம் குறையத் தொடங்கியிருந்தது.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குத் தனிப் போலீஸ் உண்டு. ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் வளாகத்துக்கு வெளியிலும் அதன் ரோந்து நடந்தது. 2015 ஜூலை 19 அன்று, முன்பக்க நம்பர் பிளேட் இல்லாததற்காகக் காரை நிறுத்திய பல்கலைக்கழகப் போலீஸ்காரர், அதை ஓட்டிவந்த சாமுவேல் டுபோஸைத் தலையில் சுட்டுக் கொன்றார். போலீஸ்காரரின் உடலில் மாட்டியிருந்த கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. அந்தப் போலீஸ்காரர் மீதான வழக்கின் இரண்டு விசாரணைகளிலும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் 2017இல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதற்கு முன்பே டுபோஸ் குடும்பத்துக்கு 48.5 லட்சம் டாலர் தரவும், அவருடைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வழங்கவும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டிருந்தது. நகரம் 2002இல் ஏற்ற வெளியார் கண்காணிப்பை, தன் போலீஸுக்கும் அது பிறகு ஏற்றது.