சிறைப்பட்டோர் உரிமையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே!

ஒருவர் கைதானார் என்ற செய்தி எட்டியவுடன், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நீதிமன்றம் விசாரிக்கும் முன்பே ஊர் தீர்ப்பளித்துவிடுகின்றது. இத்தீர்ப்பு மார்க்கத்திற்கு உகந்ததா என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்போம்.

கலீஃபா மன்சூர் அளிக்க முன்வந்த காழிப் பதவியை ஏற்க மறுத்ததற்காகச் சிறையிடப்பட்டவர்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 150இல் பக்தாதில் அவர்கள் வஃபாத்தானார்கள். கூஃபாவின் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக உயர்ந்தார்கள். கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர்கள் இயற்றிய நூலே 'கிதாபுல் கராஜ்'.

அது நிலவரியையும் அரசின் வருவாயையும் பற்றிய நூல். ஆயினும் கைதிகளைப் பற்றியும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றது. கதியற்ற கைதியின் உணவும் உடையும் பைத்துல்மாலின் பொறுப்பு என்பது இமாமவர்களின் முடிவு.

அக்காலத்தில் கைதிகள் சங்கிலியுடன் வெளியே அழைத்து வரப்பட்டு, மக்களிடம் கையேந்தும் அவலம் இருந்தது. அதனை உடனே நிறுத்துமாறு இமாமவர்கள் கலீஃபாவுக்கு எழுதினார்கள். உணவை ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்கள் அதனைக் கவர்ந்துகொள்வர். ஆதலால் மாதந்தோறும் பணமாக, நம்பிக்கைக்குரிய ஒருவர் மூலம், பெயர்ப் பதிவேட்டின்படி ஒவ்வொருவர் கையிலும் சேர்க்க வேண்டும் என்றார்கள். குளிர்காலத்திற்கும் கோடைக்கும் தனித்தனி உடை வகுத்தார்கள். உறவினரற்ற கைதி இறந்தால் பைத்துல்மால் செலவில் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. ஒருவர் மீது மற்றொருவர் குற்றஞ்சாட்டினார் என்பதற்காக மட்டும் அவரைச் சிறையிடல் ஆகாது. இருதரப்பாரையும் அழைத்து விசாரித்து, சான்று இருந்தால் தீர்ப்பளிக்க வேண்டும். இல்லையேல் பிணை பெற்று விடுவிக்க வேண்டும். பட்டினியும் அச்சமும் அடைப்பும் ஒருவரைத் தமக்கெதிராகவே பேச வைக்கும் என்ற உமர் (ரலி) அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டி, அடித்துப் பெற்ற வாக்குமூலத்தைக் கொண்டு தண்டனை வழங்கலாகாது என்றும் உரைத்தார்கள். சிறைகள் நிரம்பி வழிவதற்குக் காரணம், அடைப்பவர் உண்டு, அவர்களது வழக்கைப் பார்ப்பவர் இல்லை என்பதே அவர்களது கணிப்பு. குற்றம் உறுதியானவருக்கு உரிய தண்டனை தாமதமின்றி நிறைவேற வேண்டும் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நமது நாட்டுச் சட்டமும் இவ்வுரிமைகளுள் பலவற்றை ஏற்றுள்ளது. தடுப்புக் காவல் நீங்கலாக, கைதானவருக்குக் காரணத்தைத் தெரிவித்து, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியொப்பம் பெறுவது, உறவினருக்குத் தகவல் தருவது, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. காவலில் உள்ளவர், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறலாம் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதனைக் கேட்டுப் பெறத் துணை நிற்போரும் வேண்டும். நம் மஹல்லாவில் ஒருவர் கைதானால், குற்றத்தை மூடி மறைப்பது நமது வேலையன்று. சான்றின்றிக் குற்றவாளியென்று முத்திரை குத்துவதும் நமது வேலையன்று. அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தாரா, அவர் வீட்டில் அடுப்பு எரிகின்றதா, அவர் பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா என்று கேட்பதே நமது கடமை.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நீதியின் பக்கம் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.