முகம் மட்டும் மாறிய அம்பாசடர்

மார்த்தாண்டத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் ஒரு காரைப் பத்தி. "அம்பாசடர் அவிகோ". இந்தப் பேரை உங்கள்ல எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீங்க? ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருப்பீங்க. அம்பாசடர் எல்லாருக்கும் தெரியும், அவிகோ யாருக்கும் தெரியாது. ஆனா அம்பாசடரை "இளைஞர்களும் வாங்குற கார்" ஆக்க அந்தக் கம்பெனி எடுத்த பெரிய முயற்சி அதுதான். வந்த வருஷம் 2004. பத்தே வருஷத்துல, 2014 மே மாசம், அம்பாசடர் உற்பத்தியே நின்னுபோச்சு.

அழகா ஒரு புது முகம் வச்சும் இந்த வண்டி ஏன் பிழைக்கல? "ஓல்டு மாடல், அதான் போச்சு"ன்னு ஒரு வரியில சொல்லிடலாம். அந்தப் பதில் எனக்குப் பத்தல. அதான் இந்த எபிசோட்.

கதை தொடங்கின இடம்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல தொடங்கின கம்பெனி. பிர்லா குடும்பத்தோடது. முதல்ல குஜராத்துல ஓகா துறைமுகத்துல இருந்தது. 1948-ல கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுக்கு மாறினாங்க. இங்கிலாந்தோட மாரிஸ் கார்களை உரிமம் வாங்கிச் செஞ்சதுதான் அவங்க தொழில். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது சீரிஸ்னு ஒரு கார். அதோட இந்திய வடிவம்தான் 1957-58 வாக்குல வந்த அம்பாசடர்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு கணக்கு இருக்கு. 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் பக்கத்துல இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதாவது நம்ம மாவட்டமும் அம்பாசடரும் கிட்டத்தட்ட ஒரே வயசு. எல்லை மாறினாலும் நம்ம ஆட்களோட பயணம் மாறல. உடம்பு முடியலன்னா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், வளைகுடாவுக்குப் போறதுன்னா திருவனந்தபுரம் ஏர்போர்ட். அந்த ரோட்டுல எங்க தலைமுறை போனது பெரும்பாலும் அம்பாசடர் டாக்ஸியிலதான்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ வளைகுடாவுல இருந்து யாராவது வர்றாங்கன்னா வீடே கிளம்பும். முன்சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி இருக்கும். கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்துலயே இருக்கும், அதனால முன்னாடியே மூணு பேர். பின்னாடி எத்தனை பேருன்னு யாரும் எண்ண மாட்டாங்க. திரும்பி வரும்போது டிக்கி நிறைஞ்சு, மிச்சப் பெட்டி மேல கேரியர்ல கயிறு கட்டி வரும். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து மேட்டு ரோட்டுலயும் அடி தட்டாம ஏறும். வழியில நின்னுபோனா எந்த ஒர்க்‌ஷாப்புலயும் சரி பண்ணலாம், ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கும். டாக்ஸி ஓட்டுற அண்ணன்மார் அந்த வண்டியை நம்பினதுக்குக் காரணம் அதோட அழகு இல்ல, இதெல்லாம்தான்.

வரிசையில நின்ன காலம்

அடுத்த இருபத்தஞ்சு வருஷம் அம்பாசடர்ல என்ன மாறிச்சு? 1962-ல மார்க் 2, 1975-ல மார்க் 3, 1979-ல மார்க் 4. ஒவ்வொரு தடவையும் முன்னாடி கிரில் மாறும், விளக்கு மாறும், டாஷ்போர்டு கொஞ்சம் மாறும். உடம்பு அதே உடம்பு. பெட்ரோல் இன்ஜினும் 1489 சிசி பி.எம்.சி. இன்ஜின்தான்.

அவங்களுக்கு மாத்தத் தெரியலன்னு நினைக்காதீங்க. மாத்த வேண்டிய கட்டாயமே இல்ல. அது லைசென்ஸ் ராஜ் காலம். யார் கார் செய்யலாம், எத்தனை செய்யலாம்னு அரசாங்கம் முடிவு பண்ணும். வெளிநாட்டுக் கார் உள்ள வர முடியாது. போட்டின்னு பாத்தா பம்பாயில பிரீமியர், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். முன்பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா ஜனங்க காத்திருந்தாங்க. வாசல்ல வரிசை நிக்கிற கடைக்காரன் எதுக்கு மெனுவை மாத்தணும்?

1983 டிசம்பர் 14 அன்னைக்கு முதல் மாருதி 800-ஓட சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளர் கையில குடுத்தாங்க. சின்ன வண்டி, லேசான வண்டி, ஜப்பான் தொழில்நுட்பம். வரிசை அந்தப் பக்கம் நகர ஆரம்பிச்சது.

புதுச் சட்டை, பழைய இதயம்

அதுக்குப் பதில் சொல்ல ரெண்டு பழைய கம்பெனிகள் முயற்சி பண்ணாங்க. ரெண்டு பேரும் போனது ஒரே பாதை.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல காண்டெஸா கொண்டுவந்தாங்க. நீளமான உடம்பு, பாத்தா சினிமா வில்லன் வண்டி மாதிரி கெத்து. அந்த உடம்பு பிரிட்டன்ல வாக்ஸ்ஹால் கம்பெனி 1970-கள்ல வித்தது. ஆனா முதல்ல உள்ள வச்சது அம்பாசடரோட அதே 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத் திறன். அவ்வளவு பெரிய உடம்பை அந்த இன்ஜின் எப்படி இழுக்கும்? பிறகு இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்தப்புறம்தான் காண்டெஸாவுக்கு உயிர் வந்தது. 2002-ல அதுவும் நின்னுபோச்சு.

இன்னொண்ணு நம்ம மெட்ராஸ் கதை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1985-ல ஸ்டாண்டர்டு 2000-ன்னு ஒரு காரை இறக்கினாங்க. உடம்பு பிரிட்டன்ல பேர் வாங்கின ரோவர் எஸ்.டி.1. இன்ஜின் அவங்க பழைய வான்கார்டு காலத்து வம்சம். விலையோ அதிகம். மூணே வருஷம், 1988-ல கம்பெனியே மூடியாச்சு.

அம்பாசடர்ல ஒரு தடவை தலைகீழாவும் நடந்தது. 1992 வாக்குல 1800 ஐ.எஸ்.இசட். வந்தது. இசுசு இன்ஜின், 75 குதிரைத் திறன், அஞ்சு கியர். ஓட்டினவங்களுக்கு அது நல்லாவே தெரிஞ்சது. ஆனா ரோட்டுல பாக்குறவங்களுக்கு அது அதே பழைய அம்பாசடர். இதயம் மாறினப்போ முகம் மாறல. 2004-ல முகம் மாறினப்போ மத்ததெல்லாம் மாறல.

அவிகோ

இப்போ அவிகோவுக்கு வருவோம். வடிவமைச்சவர் மன்விந்திரா சிங். முன்பக்கம் அம்பாசடருக்கும் முன்னாடி வந்த லேண்ட்மாஸ்டரை ஞாபகப்படுத்தும். பானட்டைப் பாத்தா மினி கார் ஞாபகம் வரும். உள்ள மீட்டர்கள் டாஷ்போர்டு நடுவுல, மரப் பூச்சு, வெளிர் நிற சீட்டு. உண்மையிலேயே பாக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா கதவுல இருந்து டிக்கி வரைக்கும் அது நாம பாத்த அம்பாசடர்.

மினியைப் பாத்துச் செஞ்சதுல தப்பில்ல. மினி 1959-ல பிறந்த கார், அதுவும் மாரிஸ் குடும்பத்துப் பிள்ளைதான். பி.எம்.டபிள்யூ. 2001-ல அதைப் புதுசா கொண்டுவந்தப்போ உலகத்து இளைஞர்கள் வாங்கினாங்க. வித்தியாசம் எங்கன்னா, புது மினியில பழைய முகச்சாயல் மட்டும்தான் பழசு. சட்டகம், இன்ஜின், பிரேக், பாதுகாப்பு எல்லாமே புதுசு. அவிகோவுல முகம் மட்டும்தான் புதுசு.

அதே நேரத்துல எதிர்ல யார் நின்னாங்கன்னு பாருங்க. செங்கல்பட்டு பக்கத்துல மறைமலை நகர்ல ஃபோர்டு 1999-ல இருந்து ஐகான் செடான் செஞ்சுட்டிருந்தாங்க. "ஜோஷ்"னு சொல்லி இளைஞர்களைக் குறிவச்சே வித்த கார் அது. ஸ்ரீபெரும்புதூர்ல ஹூண்டாய். டாக்ஸி ஸ்டாண்டுல டாடா இண்டிகா டீசல். அதாவது இளைஞர்கள் ஒரு பக்கம் போனாங்க, அம்பாசடரோட உண்மையான ஆதரவாளரான டாக்ஸிக்காரரும் இன்னொரு பக்கம் போயிட்டார். ஏசி, மைலேஜ், மாசத் தவணை, இது மூணும்தான் அவர் கணக்கு. மரப் பூச்சு அந்தக் கணக்குல எங்கயும் வராது.

இது நம்ம நாட்டுக் கதை மட்டும் இல்ல. அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல்னு 1897-ல தொடங்கின பிராண்டு. 1988-ல "இது உங்க அப்பாவோட ஓல்ட்ஸ்மொபைல் இல்ல"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி பெரிய விளம்பரம் பண்ணாங்க. அப்பாக்களுக்கு வருத்தம், பிள்ளைகளுக்கு நம்பிக்கை இல்ல. கடைசி ஓல்ட்ஸ்மொபைல் தொழிற்சாலையை விட்டு வெளிய வந்தது 2004 ஏப்ரல்ல. அவிகோ வந்த அதே வருஷம்.

நான் இதுல படிக்கிறது

"இளைஞர்களைப் பிடிக்கத் தெரியல"ன்னு அவங்களைக் குறை சொல்றது எளிது. எனக்குத் தெரியுற கோளாறு வேற. முழுசா ஒரு புதுக் கார் செய்யப் பெரிய முதலீடு வேணும். வாசல்ல வரிசை நின்ன காலத்துல அம்பாசடரால அதைச் செஞ்சிருக்க முடியும், ஆனா தேவை இல்ல. தேவை வந்தப்போ விற்பனை சுருங்கி, கிரில்லும் பானட்டும் மாத்துற அளவுக்குத்தான் முடிஞ்சது. 1980-கள் நடுவுல வருஷத்துக்கு சுமார் 24,000 வண்டி வித்த இடம் அது. 2013-14 நிதியாண்டுல வித்தது சுமார் 2,200. புது மாசு விதிக்கு ஏத்த மாதிரி 2013-ல என்கோர்னு ஒரு மாடல் கொண்டுவந்தாங்க. அதுவும் தாமதம்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. அதே 2013-ல பிபிசியோட டாப் கியர் உலக டாக்ஸிகளை வச்சு ஒரு போட்டி நடத்தினாங்க. ஜெயிச்சது அம்பாசடர். அடுத்த வருஷம் தொழிற்சாலைக் கதவு மூடினது. ஒரு பொருளை எல்லாரும் நேசிக்கலாம், அந்த நேசத்துல சம்பளம் குடுக்க முடியாது. உத்தர்பாராவுல 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இல்லாம நின்னாங்க. 2017-ல அம்பாசடர்ங்கிற பேரு மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவுக்குப் போச்சு.

இப்போ கல்யாண போட்டோஷூட்டுக்கு நம்ம பசங்க அம்பாசடரைத் தேடிப் போறாங்க. அவிகோ பிடிக்க நினைச்ச அதே வயசுக்காரங்கதான். ஆனா அவங்க ஒரு நாள் வாடகைக்குத்தான் எடுக்குறாங்க, வாங்கல. பழசு மேல வர்ற பிரியம் போட்டோ எடுக்கப் போதும், இருபது வருஷம் ஓட்டப் போற வண்டிக்குப் பணம் கட்டப் போதாது. அடுத்த தடவை ஏதாவது பழைய பிராண்டு "இளைஞர்களுக்காகப் புது வடிவம்"னு விளம்பரம் போட்டா, பானட்டைத் திறந்து உள்ள என்ன மாறியிருக்குன்னு பாருங்க.

உங்க வீட்டுலயோ ஊர் டாக்ஸி ஸ்டாண்டுலயோ காண்டெஸா, ஸ்டாண்டர்டு 2000, அவிகோ ஓட்டினவங்க இருந்தா அவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க. குறிப்பா ஒர்க்‌ஷாப் வச்சிருந்த மாமாக்கள் சொல்றது வேணும், வண்டியோட உண்மை அவங்களுக்குத்தான் தெரியும். அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.