குளிர்காலப் பீரில் சாதிக்காய்



டிசம்பரில் மகள் குடும்பத்தோடு பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே கிறிஸ்துமஸ் மாதத்துக்கென்றே காய்ச்சும் கரும்பழுப்புப் பீர் உண்டு. மருமகன் சின்னக் கோப்பையில் ஊற்றித் தந்தார். "சார் பீர் குடித்தாரா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆம், இரண்டு வாய். முதலில் கருப்பட்டி போல ஓர் இனிப்பு. பிறகு நாம் ரசத்துக்கு வறுக்கும் அதே மல்லி விதை, ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பின் தொண்டையில் சாதிக்காய். பீருக்குள் மளிகைக்கடை எப்படி வந்தது?

உண்மையில் மளிகைதான் முதலில் வந்தது. இன்று பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ பரவலாவதற்கு முன், வட ஐரோப்பாவில் சதுப்பு நிலச் செடிகளையும் காட்டு மூலிகைகளையும் கலந்த 'க்ரூட்' என்ற கலவையைப் போட்டுத்தான் காய்ச்சினார்கள். அதை யார் வேண்டுமானாலும் விற்க முடியாது. பிரபுக்களும் பிஷப்புகளும் அந்த உரிமையைக் கையில் வைத்திருந்தார்கள்; காய்ச்சுகிறவர் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வரி என்று பெயர் சொல்லாத வரி. புரூஜில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் க்ரூட்ஹூஸே மாளிகையின் பெயரிலேயே அந்தக் 'க்ரூட்' இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குச் செல்வம் கொடுத்தது இந்த உரிமைதான்.

ஹாப்ஸ் போட்ட பீர் சீக்கிரம் கெடாது. அதனால் அது வென்றது. 1516-இல் பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாதென்று சட்டமே போட்டார்கள். அன்றாடப் பீரிலிருந்து வாசனை போனாலும் பண்டிகைக் கோப்பையில் தங்கிவிட்டது. தீபாவளிக்கு மட்டும் நெய் வாங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் நாட்களில் சூடான பீரில் சர்க்கரை, சுட்ட ஆப்பிள், துருவிய சாதிக்காய் சேர்த்து 'ஆட்டுக்குட்டி ரோமம்' என்று அழைத்தார்கள். வெந்த ஆப்பிள் வெள்ளை வெள்ளையாக மிதக்குமே, பெயர் பொருத்தம்தான்.

அந்தச் சாதிக்காயின் கதைதான் என்னை இரண்டாவது வாயோடு நிறுத்தியது. அக்காலத்தில் அது இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்துதான் வந்தது. தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றது டச்சுக் கம்பெனி. தீவு மக்கள் மற்றவர்களுக்கும் விற்றார்கள். 1621-இல் யான் பீட்டர்ஸ்சோன் கூன் படையோடு இறங்கினான். ஊர்ப் பெரியவர்களின் தலைகள் வெட்டப்பட்டன. சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவே மிஞ்சினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள ரன் என்ற சின்னஞ்சிறு தீவு, 1667 உடன்படிக்கையில் டச்சுக்காரர் கைக்குப் போனது. ஆங்கிலேயருக்கு மன்ஹாட்டன் நிலைத்தது. வகுப்பில் நான் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை, நினைவிருக்கிறதா?

பின்னாளில் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்தபோது நாற்றுகளைப் பெயர்த்துப் பினாங்குக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். டச்சுக்காரரின் ஏகபோகம் அத்தோடு முடிந்தது. நம் குற்றாலத்திலும் கம்பெனி காலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுச் சாதிக்காய் வளர்த்தார்கள். அடுத்த சீசனுக்குக் குளிக்கப் போகிறவர்கள், எண்ணெய் தேய்க்கும் இடத்தோடு திரும்பிவிடாமல், பழைய தோட்டங்களில் அந்த மரம் நிற்கிறதா என்று விசாரித்துப் படம் அனுப்புங்கள்.