திருச்சி, ஸ்ரீரங்கம்: பழைய ஒளிப்படங்களும் லாந்தர் ஸ்லைடுகளும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலும் 1858 முதல் ஒளிப்படங்களில் தொடர்ந்து பதிவாகி வந்திருக்கின்றன. காகித நெகட்டிவிலிருந்து எடுத்த அச்சுகள், கண்ணாடித் தகட்டிலிருந்து எடுத்த ஆல்பம் படங்கள், இருட்டறையில் திரையில் காட்டிய லாந்தர் ஸ்லைடுகள் என அவை மூன்று வகைப்படும். அரசு, வணிகர், பாதிரிமார், கலை வரலாற்றாளர் எனப் பலர் தத்தம் தேவைக்காக எடுத்த படங்கள் அவை. லண்டனின் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலான வெளிநாட்டுக் காப்பகங்களில் அவற்றில் கணிசமானவை உள்ளன. இரண்டு ஊர்களும் சென்ற நூற்றாண்டுக்கு முன் எப்படி இருந்தன என்பதற்கு இவற்றைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

ஒளிப்படம் வருவதற்கு முன்பும் திருச்சி படங்களில் இடம்பெற்ற ஊர்தான். ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னகத்தில் பயணம் செய்தபோது மலைக்கோட்டையை வரைந்தனர். அந்த ஓவியங்கள் பின்னர் லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் அப்பிரகத் தகடுகளில் தெய்வங்களையும் தொழிலாளர்களையும் ஊர்வலங்களையும் தீட்டி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். ஊருக்குத் திரும்புவோர் கையோடு கொண்டுபோகத் தோதான நினைவுப் பொருள் அது. ஒளிப்படம் பரவியபின் அந்த வாடிக்கை மெல்ல ஸ்டுடியோக்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஒளிப்பட வரலாறு இங்கே லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரியோடு தொடங்குகிறது. 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த ட்ரைப், சென்னைப் படையில் கேப்டனாக இருந்தார். ஹளேபீடு, பேளூர்க் கோயில்களை அவர் எடுத்த படங்கள் 1855இல் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஆவா அரசவைக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு போய் பர்மாவையும் படமெடுத்தார். 1856இல் சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு அவரை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக நியமித்தார். பழைய கட்டடங்கள் இடிந்துபோவதற்குள் அவற்றின் உருவத்தைப் பதிந்து வைப்பது அவருக்குத் தரப்பட்ட முக்கியப் பணி.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பிய ட்ரைப், ராயக்கோட்டை, சேலம் வழியாக ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் வந்தார். பின்னர் மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு சென்று 1858 ஏப்ரலில் சென்னை சேர்ந்தார். நாகப்பட்டினத்திலிருந்து ரயில் பாதை திருச்சியை எட்டியது 1862இல்தான். ஆகவே கருவிகள், ரசாயனங்கள், காகிதக் கட்டுகள் எல்லாமே மாட்டு வண்டிகளில் வந்தன. இந்தப் பயணத்தின் படங்கள் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டன. திருச்சிக்கு ஒரு தொகுதியும் ஸ்ரீரங்கத்துக்குத் தனியே ஒரு தொகுதியும் விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்தன.

ட்ரைப் கையாண்டது மெழுகுக் காகித முறை. மெல்லிய காகிதத்தில் மெழுகை ஊட்டி, வெள்ளி உப்புகளால் ஒளியுணரச் செய்து, கருவிக்குள் வைத்துப் படமெடுப்பார்கள். காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம் என்பதால் நெடும்பயணத்துக்கு இது வசதி. ஒளியைப் பதிய நிமிடக்கணக்கில் பிடிக்கும் என்பது குறை. கோபுரமும் பாறையும் அசைவதில்லை. அவை துல்லியமாக விழுந்தன. நடந்துபோன பக்தர்களும் ஓடிய வண்டிகளும் தடமே இல்லாமல் மறைந்தன. அந்தப் படங்களில் ஸ்ரீரங்கத்து வீதிகள் ஆளரவமற்றுத் தெரிவதற்கு இதுவே காரணம். ஊர் வெறிச்சோடிக் கிடந்ததாக முடிவுகட்டிவிடக் கூடாது. வானத்தில் தெரியும் மேகங்களிலும் கவனம் வேண்டும். அக்கால நெகட்டிவில் வானம் சீராக விழாது. ட்ரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் பூசி வானத்தைச் சரிசெய்தார், சில இடங்களில் மேகங்களையும் மர இலைகளையும் வரைந்து சேர்த்தார்.

இதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டுப் படியெடுப்புக்கு ஒளிப்படத்தைப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடி முயற்சி அது. அவருக்கு உதவியாக இருந்தவர், அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் நிறுவிய கலைத்தொழிற் பள்ளியில் பயின்ற அய்யாசாமி என்ற தமிழர். தென்னிந்திய ஒளிப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்ட இந்தப் பெயர், ட்ரைப்பின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், 1857 கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் நொடிந்திருந்த நிலையில் இந்த அரசு ஒளிப்படப் பணி ஆடம்பரச் செலவு என்று கருதி அதை நிறுத்திவிட்டார்.

1860களில் மெழுகுக் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் தகடு பிடித்தது. கொலோடியன் என்ற பசைக் கரைசலைத் தகட்டில் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவி முடிக்க வேண்டும். திருச்சி வெயிலில் தகடு இன்னும் சீக்கிரம் காயும். எனவே இருட்டுக் கூடாரம் கருவியின் பக்கத்திலேயே நின்றது. பாடு அதிகம் என்றாலும் படம் காகிதத்தில் வந்ததைவிடக் கூர்மை. உதகையில் ஸ்டுடியோ வைத்திருந்த எட்மண்ட் டேவிட் லயன், 1867–68இல் சென்னை அரசுக்காகத் தென்னிந்தியக் கோயில்களை இம்முறையில் எடுத்தார். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பதிப்பித்த குறிப்புகளோடு அவை ஐரோப்பிய அறிஞர்களிடம் சென்றன. ஒளிப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1869இல் தெற்கே வந்தார். சென்னையின் நிக்கலஸ் கம்பெனியும், பின்னர் வீலே அண்ட் க்ளைன் நிறுவனமும் தென்னகக் காட்சிகளை விற்பனைக்கு வைத்திருந்தன. தெப்பக்குளம் முன்னே, மலைக்கோட்டை பின்னே என்ற காட்சிதான் திருச்சியின் அடையாளப் படமாக நிலைத்தது.

லாந்தர் ஸ்லைடு இந்தப் படங்களைச் சிலர் கையிலிருந்த ஆல்பத்திலிருந்து கூட்டத்தின் முன் கொண்டுவந்தது. மாய விளக்கு என்றும் மேஜிக் லாந்தர் என்றும் அழைக்கப்பட்ட கருவி 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. அதில் கையால் வரைந்த படங்களையே காட்டினார்கள். 1850ஐ ஒட்டி, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லாங்கன்ஹைம் சகோதரர்கள் ஒளிப்படத்தைக் கண்ணாடியில் நேரடியாக அச்சிட வழிகண்டார்கள். அதன்பின் ஸ்லைடு ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

ஸ்லைடின் அமைப்பு எளியது. கண்ணாடித் துண்டில் ஒளி ஊடுருவும் படம் இருக்கும். அதன்மேல் விளிம்பை மறைக்கும் கறுப்புக் காகிதச் சட்டம், அதற்கு மேல் காவலாக இன்னொரு கண்ணாடி. நான்கு ஓரங்களையும் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். பிரிட்டிஷ் ஸ்லைடு மூன்றேகால் அங்குலச் சதுரம். அமெரிக்க ஸ்லைடு மூன்றேகாலுக்கு நான்கு அங்குலம். மூலையில் ஒட்டிய வெள்ளைப் பொட்டு, இருட்டில் எந்தப் பக்கத்தைப் பிடித்துச் செருக வேண்டும் என்பதை இயக்குபவருக்குக் காட்டும். எண்ணெய் விளக்கு, சுண்ணாம்பு விளக்கு, பின்னர் மின்விளக்கு என ஒளி மூலம் மாறிக்கொண்டே வந்தது.

ஸ்லைடுகளை அதிகம் பயன்படுத்தியவர்களில் மிஷன் சங்கங்கள் முன்வரிசையில் நின்றன. இங்கே மக்களைக் கூட்டி விவிலியக் கதைகளைக் காட்டினார்கள். அங்கே தாய்நாட்டில் தமிழ்நாட்டுக் கோயில்களையும் பள்ளிகளையும் காட்டிப் பணம் திரட்டினார்கள். மெதடிஸ்ட் மிஷனின் ஸ்லைடுகள் லண்டன் ஸோவாஸ் நூலகத்தில் உள்ளன. தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் மிஷனின் படங்கள், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் திரட்டிய மிஷன் ஒளிப்படத் தொகுப்பின் வழியே காணக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் குடியேற்ற அலுவலகமும் 1902இல் காட்சிவழிக் கல்விக்கென ஒரு குழு அமைத்தது. அதற்காக ஓவியர் ஹியூ ஃபிஷர் பயணம் செய்து படங்கள் சேகரித்தார். புவியியலாளர் ஹால்ஃபர்ட் மெக்கிண்டர் இந்தியா பற்றி எழுதிய எட்டு ஸ்லைடு உரைகள் 1910இல் வெளியாயின. முதல் உரையே சென்னை மாகாணத்தையும் இந்து சமயத்தையும் பற்றியது.

இந்தியர்களும் இந்தக் கருவியைத் தமதாக்கிக்கொண்டார்கள். மராட்டியத்தின் கல்யாண் நகரைச் சேர்ந்த மகாதேவ் பட்வர்தன் குடும்பத்தார் 1892 முதல் ராமாயண, மகாபாரதக் கதைகளை ஸ்லைடுகளில் வரைந்து ஊர் ஊராகக் காட்டினர். திருச்சியில் அடுத்த கட்டம் நிகழ்ந்தது. தென்னிந்திய ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரைப்படக் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக் கூடாரத்தில் காட்டத் தொடங்கினார். தென்னிந்தியச் சலனப்படக் காட்சியின் முன்னோடி அவர். சினிமா வளர வளர, லாந்தர் வகுப்பறைக்குள் ஒதுங்கியது. 35 மில்லிமீட்டர் வண்ண ஃபிலிம் வந்தபின் அங்கிருந்தும் விடைபெற்றது.

படங்கள் தரும் செய்தியை ஒரே ஒரு கட்டடத்தைக் கொண்டு விளக்கலாம். ஸ்ரீரங்கத்தின் ஏழாவது மதிலில் தெற்கே நிற்கும் ராஜகோபுரம், பழைய படங்கள் எதிலும் கோபுரமாக இல்லை. கல் அடித்தளத்தோடு நின்றுபோன அதை ஊரார் மொட்டைக் கோபுரம் என்றும் ராயர் கோபுரம் என்றும் அழைத்தார்கள். வாசலின் அகலம் இருபத்தொன்றரை அடி, உயரம் அதைப்போல இரு மடங்கு, நிலைக்கற்கள் ஒவ்வொன்றும் 40 அடிக்கு மேற்பட்ட ஒற்றைக் கல் என்று ஃபெர்குசன் எழுதிவைத்தார். சுமார் 400 ஆண்டுகள் அப்படியே இருந்ததை, அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று கட்டி முடித்தார். 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்த கோபுரத்துக்கு 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. இன்றைய தலைமுறைக்கு மொட்டைக் கோபுரத்தைக் காட்ட இந்தப் படங்களை விட்டால் வேறு வழியில்லை.

தேதி குறிக்கவும் கட்டடங்களே துணை. தெப்பக்குளத்தை ஒட்டிய காட்சியில் லூர்து அன்னை ஆலயம் தெரிந்தால் படம் 1890களிலோ அதற்குப் பிறகோ எடுத்தது. படங்களின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு ஸ்ரீரங்கத்தின் உள் திருச்சுற்றுகளில் அனுமதி இல்லை. ஆகவே கோபுரங்கள், ஆயிரங்கால் மண்டபம், குதிரை வீரர் தூண்கள் நிற்கும் சேஷராயர் மண்டபம் ஆகியவையே அவர்கள் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கையால் வண்ணம் தீட்டிய ஸ்லைடில் கோபுரத்தின் நிறத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. அந்த நிறம், ஸ்லைடு தயாரித்த இடத்தில் கோபுரத்தை நேரில் காணாத ஒருவர் பூசியதாக இருக்கக்கூடும்.

காப்பகத்தில் ஸ்லைடுகளுக்கு ஆபத்துகள் பல. கண்ணாடி விரிசல் விடும்; ஈரம் ஏறினால் படப்பூச்சு உரியும், பூஞ்சை பிடிக்கும்; ஓரப்பட்டை காய்ந்து கழன்றால் தூசி உள்ளே போகும். அமிலமற்ற காகித உறையில், நிமிர்த்தி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைப்பதே முறை. உருவப் பிழையும் நேரும். தகட்டைப் புரட்டிப் பிரதியெடுத்தால் இடம் வலமாகும். எழுத்துப் பலகையோ தெரிந்த கட்டடமோ இருந்தால்தான் பிழை பிடிபடும். பெயர்ப்பட்டியலில் திருச்சி ட்ரிச்சினோபொலியாகவும் ஸ்ரீரங்கம் செரிங்கமாகவும் இருப்பதால், தேடுபவர் அந்தப் பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு கோயிலின் மண்டபத்தை இன்னொரு கோயிலுடையது எனக் குறிக்கும் தவறுகளை உள்ளூரார் கண்தான் திருத்த முடியும்.

தமிழ்நாட்டை ஒட்டியும் படங்களைச் சேர்த்துக் காக்கும் பணி நடக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950கள் முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்துள்ளது. பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் குடும்பப் படங்களையும் எண்மப் பிரதியாக்கும் திட்டத்தையும் அது மேற்கொண்டது. திருச்சியில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. வெளிநாட்டுக் காப்பகங்களில் உள்ள திருச்சி, ஸ்ரீரங்கம் படங்களின் நல்ல பிரதிகளை இடம், ஆண்டு விவரத்தோடு அங்கே வைப்பது செய்யக்கூடிய காரியம், செய்ய வேண்டிய காரியமும்கூட. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும், திருச்சியின் மலைக்கோட்டைத் தெருக்களிலும் வீட்டுப் பரணில் பழைய படமோ கண்ணாடித் தகடோ வைத்திருப்போர் அதைத் துடைத்துக் கழுவவோ, பழசென்று கழிக்கவோ வேண்டாம். படத்தில் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்பதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். ஒரு பிரதியைப் பொதுக் காப்பகத்துக்கும் தர வேண்டும்.