சூரிஞ்சானும் செங்காந்தளும்: மூட்டுவலி மருந்தின் வரலாறு

மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதித் தரும் துணை மாத்திரைகளின் விலை, ஓய்வூதியத்தில் வாழும் முதியோருக்குப் பெருஞ்சுமையாகும். ‘இயற்கையானதும் மலிவானதுமான மாற்று உண்டா?’ என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. அதற்கு விடை தேடுவோர், பழனிமலை அடிவாரத்தில் விளையும் ஒரு பயிரின் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.

கொடைக்கானலிலிருந்து வடக்கே இறங்கினால் பழனி. அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் ஒட்டன்சத்திரம். இவ்வட்டாரத்திலும் இதற்கு வடக்கே மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும் உழவர்கள் செங்காந்தளைப் பயிரிடுகின்றனர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்பனவும் இதன் பெயர்களே. சங்கப் புலவர் போற்றிய இம்மலர் இன்று தமிழகத்தின் மாநில மலர். எனினும், உழவர் இதை வளர்ப்பது மலருக்காக அன்று, விதைக்காகவே. காய் நன்கு பிடிக்க வேண்டுமென்று காலை வேளையில் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் சேர்க்கின்றனர். அவ்விதை மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகின்றது. அதிலுள்ள கால்சிசின் என்னும் பொருளே இதற்குக் காரணம்.

இப்பொருளின் வரலாறு நம்மைக் கீழைத் திசையின் பழைய மருத்துவ நூல்களுக்கு இட்டுச் செல்கின்றது. கால்விரல் மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து வலிக்கும் நோயை அரபு மருத்துவர்கள் ‘நிக்ரிஸ்’ என்றனர். இன்றைய மருத்துவம் இதனைக் ‘கவுட்’ என்கின்றது. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் திராலஸ் அலெக்சாந்தர் இந்நோய்க்கு ஒரு கிழங்கைப் பயன்படுத்தினார். அக்கிழங்கை அரபு மருத்துவர்கள் ‘சூரிஞ்சான்’ என்னும் பெயரால் அறிந்திருந்தனர். 1037இல் மறைந்த இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலிலும் அது இடம்பெற்றது. யூனானி ஹகீம்கள் இனிப்புச் சூரிஞ்சானையே உள்மருந்தாகக் கொண்டனர். கசப்பு வகையைப் பெரும்பாலும் வெளிப்பூச்சுக்கு ஒதுக்கினர்.

1820இல் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் சூரிஞ்சான் இனச் செடியிலிருந்து கால்சிசினைப் பிரித்தெடுத்தனர். செங்காந்தளும் அச்செடியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, பாக்தாதின் மருந்துக்கடையில் இருந்த பொருளின் உறவு நம் செம்மண்ணிலேயே வளர்ந்து வந்துள்ளது.

விலையின் கதை இதனினும் வியப்புக்குரியது. அமெரிக்காவில் நெடுங்காலமாக ஏறத்தாழ 9 சென்ட்டுக்கு விற்ற கால்சிசின் மாத்திரை, 2009இல் ஒரு நிறுவனம் புதிய ஆய்வு நடத்தித் தனி உரிமம் பெற்றபின் ஏறத்தாழ 5 டாலரானது. பொருள் பழையது, விலை மட்டுமே புதியது. நம் நாட்டிலோ அம்மாத்திரை சில ரூபாய்க்கே கிடைக்கின்றது.

அப்படியானால் வேலியோரக் கிழங்கைத் தோண்டி உண்ணலாமா? கூடவே கூடாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கென மயங்கி இதை உண்டு உயிரிழந்தோர் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. கால்சிசினில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சிறுநீரகக் குறையுள்ளோர்க்கு அது இன்னும் குறுகும். ஆயுர்வேதம் இக்கிழங்கை உபவிடங்களுள் ஒன்றாக வைத்தது. சித்த மருத்துவரும் சுத்தி செய்யாமல் இதைத் தொடுவதில்லை.

இங்குதான் இப்னு சீனாவின் பெருமை விளங்குகின்றது. மருந்தைச் சோதிக்க அவர் ஏழு நிபந்தனைகளை வகுத்தார். ஒரே நோயுள்ளவரிடம் சோதித்தல், பலன் தோன்றும் காலத்தைக் கவனித்தல், பலன் எப்போதும் நிகழ்கிறதா எனக் காணல், மனித உடலிலேயே சோதித்தல் ஆகியன அவற்றுள் சில. மருந்தின் விலையோ, அது காட்டில் விளைந்ததா கடையில் வந்ததா என்பதோ அவருக்கு அளவுகோல் அன்று.

இவ்வளவுகோலை இருபுறமும் வைத்துப் பார்ப்போம். முழங்கால் தேய்வுக்கு விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் ஆகியவற்றை அமெரிக்காவில் 1,583 பேரிடம் 24 வாரங்கள் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். மருந்தற்ற போலி மாத்திரையைவிட அவை பொதுவில் மேம்படவில்லை. வலி மிகுந்த சிறு பிரிவினரிடம் மட்டும், இரண்டும் சேர்ந்தபோது ஓரளவு பயன் தென்பட்டது. மறுபுறம், கொடைக்கானலில் வாங்கிவரும் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்ப்பது சற்று நேரம் இதம் தரும். அதனை உட்கொள்வது நஞ்சாகும். முடக்கறுத்தான் தோசை நல்ல உணவு. ஆனால் தேய்ந்த மூட்டை அது மீட்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை. சோதனையில் தேறிய மலிவான வழி வேறொன்று: உடல் எடையைக் குறைத்தலும், தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் நடையும்.

எனவே, முதலில் நம் வலி நிக்ரிஸா, தேய்வா என மருத்துவரிடம் உறுதி செய்துகொள்வோம். நிக்ரிஸ் எனில், மருத்துவர் அளந்து தரும் கால்சிசின் இன்றும் நல்ல மருந்தே. தேய்வு எனில், விலைமிகுந்த மாத்திரையைத் தொடரத்தான் வேண்டுமா என அவரிடமே தயங்காது கேட்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா கேட்கக் கற்பித்த வினாவும் இதுவே.