சாகண்: ஆலையும் ஆய்வகமும்

புனேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ள ஊர் சாகண். வெங்காயச் சந்தைக்கும், 1660இல் முகலாயத் தளபதி சாயிஸ்தகானின் முற்றுகைக்கு உள்ளான கோட்டைக்கும் பெயர்போனது. இன்று பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகளும் சூழ்ந்த தொழிற்பேட்டை. ஆலைக்கும் ஆய்வாளருக்கும் உள்ள உறவு எப்படி அமைகிறது, எங்கே உரசுகிறது என்பதைப் பார்க்க இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான வட்டாரங்கள் அதிகமில்லை.

இங்குள்ள ஃபோர்ஜிங் பட்டறையில் ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸில் செக்கச் சிவந்த எஃகுத் துண்டை டை எனப்படும் அச்சுக்குள் வைத்து அடிக்கிறார்கள். எஃகு ஒரு மூலையை நிரப்பாமல் நின்றாலோ, டை சீக்கிரம் தேய்ந்தாலோ காரணம் தேட சிறு பட்டறைக்குச் சொந்த ஆய்வகம் கிடையாது. 1966இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் சாகணிலேயே ஃபோர்ஜிங் பிரிவை நடத்துவது இதற்காகத்தான். உலோகம் டைக்குள் எப்படிப் பாயும் என்பதை முதலில் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். வீணாகும் டைகள் குறையும். இக்கழகம் வேலூர் விஐடியுடன் சேர்ந்து வாகனப் பொறியியலில் முதுநிலைப் படிப்பும் நடத்தியிருக்கிறது.

புனே பாஷாணில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் கதை வேறு. அது அரசு ஆய்வகம். ஆனாலும் அங்கு ஆய்வு செய்த மாணவர்கள் நெடுங்காலம் புனே பல்கலைக்கழகத்தில்தான் முனைவர் பட்டம் பெற்றார்கள். 1989இல் இயக்குநரான ரகுநாத் மாஷேல்கர், கட்டுரை வெளியிடுவதற்கு முன் காப்புரிமை பெறுங்கள் என்று வற்புறுத்தினார். அதன் பலனுக்கு ஓர் எடுத்துக்காட்டு பாலிகார்பனேட். வண்டியின் முன்விளக்கு மூடிக்குப் பயன்படும் இந்தப் பொருளைச் செய்ய வழக்கமாக ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு தேவை. குறுஞ்சங்கிலி மூலக்கூறுகளைப் படிகமாக்கி, உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்கி, திடநிலையிலேயே நீளச் செய்தால் அந்த வாயு வேண்டாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த எஸ். சிவராம் போன்ற பலபடி வேதியியலாளர்கள் ஈடுபட்ட இத்துறையில் ஆய்வுக்கூடம் பெற்ற காப்புரிமைகளுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் உரிமம் பெற்றுக்கொண்டது. அறிவை வாங்கியே பழகிய நாட்டிலிருந்து அது விற்பனைக்குப் போனது, என் பார்வையில், இந்திய ஆய்வு வரலாற்றின் பெருமிதமான திருப்பங்களில் ஒன்று. ஜெனரல் எலக்ட்ரிக் 2000இல் பெங்களூருவில் பெரிய ஆய்வு மையத்தைத் திறந்ததற்கு இந்த உறவும் ஒரு தூண்டுதல் என்று மாஷேல்கர் சொல்லிவந்தார்.

உள்ளூர் நிறுவனத்துடன் கைகோத்ததற்கு எடுத்துக்காட்டு, ஹைட்ரஜன் எரிகலன் திட்டம். இத்திட்டத்தில் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடமும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் புனேயின் கேபிஐடி நிறுவனமும் இணைந்தன. 65 முதல் 75 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இயங்கும் எரிகலன் அடுக்கைப் பொருத்திய கார் 2020 அக்டோபரில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் பேருந்து அறிமுகமானது. எரிகலனின் சவ்வையும் மின்முனைகளையும் ஒட்டிச் செய்யும் நுட்பம் ஆய்வாளர்களிடம் இருந்தது. அடுக்கை வண்டியில் பொருத்தி ஓட்டும் திறன் நிறுவனத்திடம்.

உரசல் வருவது உடைமையில்தான். பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளின் உரிமையை ஆய்வு நிறுவனங்களிடமே விட வகைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1980இல் வந்தது. அதையொட்டி 2008இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட இந்திய மசோதா 2014இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இங்கே ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனியாகப் பேசி முடிக்கப்படுகிறது. அந்தப் பேச்சில் மிகக் குறைந்த பலம் உள்ளவர் ஆய்வு மாணவர். கட்டுரை முன்னதாக வெளியானால் கண்டுபிடிப்பின் புதுமை போய்விடும். காப்புரிமை விண்ணப்பம் தாக்கலாகும்வரை அவர் கட்டுரையை வெளியிடாமல் காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை, அவர் சேரும் முன்பே, ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.